பசிட்டாவின் ஜாடியைத் திறந்தவர்கள்

ஒரு ஜாடியைத் திறந்துவிட்டு, திறக்கவே இல்லை என்று சாதிப்பது எப்படி? இதை யோசிப்பதற்குத்தான் ஆர்லீனுக்குச் சம்பளம். மணிலாவை ஒட்டிய வாலென்சுவேலாவில் பிளாஸ்டிக் கம்பெனிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் தெருவில், மூடி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவள் வடிவமைப்பாளர். காலையில் திருடியாக இருந்து பார்ப்பாள். மதியத்துக்கு மேல் போலீசாக மாறிவிடுவாள். திறக்கவே முடியாத மூடி என்று உலகத்தில் எதுவும் கிடையாது, திறந்தவனைக் காட்டிக்கொடுக்கிற மூடிதான் உண்டு என்பது அவள் கட்சி.

அன்றைக்குப் பங்கசினான் மாகாணத்து லிங்காயெனிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார் பசிட்டா. ஐம்பதைத் தாண்டியவர், கனத்த குரல், நகமெல்லாம் சிவப்புச் சாயம். கூடவே ஒரு அட்டைப்பெட்டி. அதை ஆர்லீனின் மேஜையில் தொம்மென்று வைத்ததும் அறை முழுக்க பகோங் வாசனை ஏறியது. கூனி இறாலை உப்பில் ஊறப்போட்டு, பூண்டு சர்க்கரை சேர்த்து வதக்கிய விழுது. பச்சை மாங்காயை அதில் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான் ஆர்லீனும். வாயில் நீர் ஊறியது.

"நல்லாப் பாரு கண்ணு. எல்லாம் சூப்பர்மார்க்கெட்ல இருந்து திரும்பி வந்தது."

எல்லா ஜாடியும் திறக்கப்பட்டு, மறுபடி மூடப்பட்டிருந்தன. சிலதில் மேலே விரல் வைத்த குழி. ஒன்றில் பல்லால் கடித்த மாங்காய்த் துண்டு வேறு கிடந்தது.

"இன்னொரு தடவை இப்படி வந்தா அலமாரியை விட்டே தூக்கிடுவாங்களாம். யார் வேலைன்னு எனக்குத் தெரியும்" என்றார் பசிட்டா.

"யாரு அக்கா?"

"ஃபகுந்தோ! வேற எவன்?"

கதை கொட்டியது. ஃபகுந்தோவும் பசிட்டாவும் ஒரு காலத்தில் தொழில் கூட்டாளிகள். லிங்காயென் சந்தையில் ஒரே கடை, ஒரே வாணலி. மணிலாக்காரர்களுக்கு இனிப்புத்தான் பிடிக்கும், சர்க்கரையைக் கூட்டு என்றார் ஃபகுந்தோ. இது பகோங்கா பாயசமா என்று கேட்டார் பசிட்டா. பேச்சு முற்றி, கடை இரண்டாகி, இன்றைக்கு இருவரின் ஜாடிகளும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

"அவன் கையைப் பிடிக்கிற மாதிரி ஒரு மூடி செஞ்சு குடு."

"கையைப் பிடிக்காதுக்கா. கையை வெச்சதைச் சொல்லும்."

"அது போதும். மிச்சத்தை நான் பிடிச்சுக்கறேன்."

ஆர்லீன் ஜாடியின் கழுத்தை அளந்தாள். மூடி திருகுகிற மரைக்குக் கீழே கண்ணாடியில் சின்னதாக ஒரு மேடு ஓடியது. நல்லதாகப் போயிற்று. மூடியின் அடியில் ஒரு வளையத்தை மெல்லிய காம்புகளால் தொங்கவிட்டாள். மூடியைத் திருகினால் வளையம் அந்த மேட்டில் மாட்டிக்கொள்ளும், காம்புகள் அறுந்துவிடும். அறுந்த வளையம் கீழே இறங்கி நிற்கும். மறுபடி எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் விழுந்த இடைவெளி போகாது.

மாதிரி மூடிகள் வந்ததும் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அக்கா புருஷன் திந்தோவிடம் கொடுத்தாள். ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டுகிற திந்தோவுக்குத் திறக்க வராத பூட்டு அந்தத் தெருவிலேயே கிடையாது. சாவி தொலைந்தவர்கள் முதலில் அவரைத்தான் தேடுவார்கள்.

"தடயம் இல்லாம திறந்து காட்டுங்க மாமா, பார்ப்போம்."

திந்தோ காபிக்கு வைத்திருந்த வெந்நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஜாடியைத் தலைகீழாக அதில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் விசிலடித்தார். பிறகு எடுத்து, இளகிய வளையத்தைக் கட்டைவிரலால் நெம்பி, மூடியோடு சேர்த்து முழுசாக உருவிவிட்டார். ஒரு காம்புகூட அறவில்லை. திரும்ப அழுத்தி மாட்டினார். புதுசு போல உட்கார்ந்துகொண்டது.

"இதுக்குப் போய் காலேஜெல்லாம் படிச்சியே" என்றார்.

"சிரிங்க மாமா, சிரிங்க. மூடி ஆறட்டும், என் வயித்தெரிச்சல் ஆறாது."

மறுநாள் இதைக் கேட்டு முதலாளி ஊய் தலையில் அடித்துக்கொண்டார். "சூப்பர்மார்க்கெட்டுக்கு எவன்மா வெந்நீர் தூக்கிட்டு வருவான்? இதையே அச்சுல ஓட்டச் சொல்லு."

"கடையில திறக்கறவன் வரமாட்டான் சார். குடோன்ல உட்கார்ந்து திறக்கறவன் வருவான். அவன் உள்ள எதையாவது கலந்தான்னா, நம்ம மூடியே அவனுக்குச் சாட்சி சொல்லும், திறக்கலைன்னு."

ஊய், போய்த் தொலை என்பது போல் கையை ஆட்டினார். அவர் அகராதியில் அதற்குச் சரி என்று பொருள்.

வெந்நீரில் இளகுவது பிளாஸ்டிக்கின் குணம்; அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அந்தக் குணத்தையே காட்டிக்கொடுக்க வைத்தால்? வளையத்தில் ஓரிடத்தை மட்டும் வேண்டுமென்றே வெங்காயத்தோல் மாதிரி மெலிய விட்டாள். இழுத்தால், சூடோ குளிரோ, அந்த இடத்தில் பிளந்துவிடும். காம்புகளையும் மாற்றினாள். முதலில் அறுந்த சத்தம் எறும்பு தும்மியது போலிருந்தது. இப்போது டக்கென்று கேட்டது, பக்கத்து அறைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. திந்தோ மூன்று கிண்ணம் வெந்நீரைச் செலவழித்துவிட்டு, காபி குடிக்காமலே வேலைக்குப் போனார்.

புது மூடியோடு ஜாடிகள் லிங்காயெனுக்குப் பக்கத்து ஊரான தாகுப்பானின் சூப்பர்மார்க்கெட்டில் ஏறிய முதல் சனிக்கிழமை, ஆர்லீன் நேரில் பார்க்கப் போனாள். பசிட்டாவிடம்கூடச் சொல்லவில்லை. நூடுல்ஸ் அடுக்குக்குப் பின்னால் கூடையும் கையுமாக நின்றாள்.

ஒரு அம்மாள் வந்தார். ஜாடியை எடுத்தார், பழக்கதோஷத்தில் திருகினார். டக்! சுற்றுமுற்றும் பார்த்தார். வளையம் இறங்கி நின்றது. முகம் சிவந்து, ஜாடியைக் கூடையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். அடுத்து கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர். டக்! சிரிப்பு, பிறகு கூடை. அப்புறம் ஒரு பெரியவர், மூக்கை முதலிலேயே நீட்டிக்கொண்டு.

ஆர்லீனுக்குப் புரிந்துவிட்டது. சதியுமில்லை, சூழ்ச்சியுமில்லை. முகர்ந்து பார்க்காமல் பகோங் வாங்குகிற ஆள் பங்கசினானில் இன்னும் பிறக்கவில்லை. அவ்வளவுதான்! 'ஃபகுந்தோ பாவம்' என்று அவள் நினைத்த அதே நேரம், தொப்பியைப் புருவம் வரைக்கும் இறக்கி, வாய்க்கு முகமூடி போட்ட ஒரு பருத்த மனிதர் அலமாரிக்கு வந்தார். பசிட்டாவின் ஜாடியை எடுத்தார். டக்!

மனிதர் பாம்பை மிதித்தவர் போல் துள்ளினார். விற்பனைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"திறந்தா வாங்கணும் சார். அட... ஃபகுந்தோ சாரா? உங்க கடையிலதான் உங்க ஜாடி நிறைய இருக்குமே, இது எதுக்கு?"

"வீட்டுக்கு விருந்தாளி" என்று முனகிவிட்டு, அவர் ஜாடியை அணைத்தபடி கல்லா வரிசையில் போய் நின்றார்.

ஆர்லீனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பசிட்டா சொன்னது சரியாகிவிட்டதே. போன் செய்து சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து கறுப்புக் கண்ணாடியும் தலையில் துப்பட்டாவுமாக ஒரு பெண் வந்தார். சிவப்பு நகங்கள். ஃபகுந்தோவின் ஜாடியை எடுத்தார். அது பழைய மூடி, சத்தமே போடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு ஸ்பூன் வெளியே வந்தது.

"பசிட்டா!"

வரிசையிலிருந்து ஃபகுந்தோ அலறிய அலறலில் கல்லாப் பெண் சில்லறையைக் கீழே போட்டாள். பசிட்டா ஸ்பூனை வாயில் வைத்தபடியே திரும்பினார்.

"யோவ், உன் கையில என்ன?"

"உன் வாயில என்ன?"

சுற்றிலும் தள்ளுவண்டிகள் நின்றுவிட்டன. ஆர்லீன் ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பசிட்டாதான் முதலில் விழுங்கினார். விழுங்கியவர் முகம் கோணியது.

"சர்க்கரையை எப்பய்யா குறைச்ச?"

"ரொம்ப நாளாச்சு. கொஞ்சம் கொஞ்சமாத்தான்." ஃபகுந்தோ முகமூடியை இறக்கினார். "உன்னோடதைத் தின்னு பார்த்தேன். திகட்டாம இருந்துச்சு. ஒத்துக்க மனசு வரல. குறைச்சேன்."

பசிட்டா அவர் கையிலிருந்த தன் ஜாடியைப் பிடுங்கி, ஸ்பூனை விட்டு நீட்டினார். ஃபகுந்தோ ருசித்தார். கண்ணை மூடினார். மறுபடி ருசித்தார்.

"அடிப்பாவி! நீ கூட்டியிருக்க!"

"மணிலாக்காரங்க கேக்கறாங்கய்யா, நான் என்ன பண்ண?"

இரண்டு ஜாடியையும் வாங்கி விற்பனைப் பெண்ணும் தொட்டு நக்கிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றாள். எந்தச் சர்க்கரைக்காகக் கடை பிரிந்ததோ அது இரண்டு வாணலியிலும் ஒரே அளவுக்கு வந்து நின்றிருந்தது. முதலில் ஃபகுந்தோவின் தொந்தி குலுங்கியது. பிறகு பசிட்டா, அந்தக் கனத்த குரலில், கறுப்புக் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி விழுகிற வரைக்கும் சிரித்தார்.

கண்ணாடியைப் பொறுக்கக் குனிந்தபோதுதான் நூடுல்ஸ் பாக்கெட்டுக்குக் கீழே தெரிந்த செருப்பை அவர் பார்த்தார்.

"வெளிய வா கண்ணு. எல்லாம் பார்த்துட்டியா?"

"மூடியைப் பார்க்கத்தான்கா வந்தேன்."

"நல்லாப் போட்டுக் குடுத்துச்சு உன் மூடி" என்றார் ஃபகுந்தோ. "நெஞ்சே நின்னுருச்சு. ஏம்மா, எனக்கும் இதையே செஞ்சு குடுப்பியா? இந்தப் பொம்பள ஸ்பூனோட திரியறா."

"அக்கா சம்மதிச்சா செஞ்சு தர்றேன். ஆனா ஒண்ணு. ரெண்டு பேரும் சேர்ந்து இங்க ஒரு மேஜை போட்டு, நறுக்கின மாங்காயும் ஒரு திறந்த ஜாடியும் வைங்க. ஜனங்களுக்கு மூக்குதான் முக்கியம். மூடியோட அதைச் சண்டை போட விடாதீங்க."

"ஒரு ஜாடியா? யாரோடது?" என்று பசிட்டா உடனே கேட்டார்.

"ரெண்டும்தான் ஒண்ணாச்சே" என்றாள் ஆர்லீன்.

"ஒண்ணா? அவன் பூண்டைக் கருக விட்டுடறான்!"

"கருகலடி, அது சிவந்த பதம்!"

அவளை பஸ் ஏற்றிவிட வந்த இருவரும் டிரைசைக்கிள் ஆட்டோவில் வழியெல்லாம் பூண்டுக்காக அடித்துக்கொண்டார்கள். நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்த ஆர்லீனின் மடியில் இரண்டு திறந்த ஜாடியும் ஒரு பை மாங்காயும். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து அவள் திரும்பிப் பார்த்தபோது, ஃபகுந்தோ வெறுங்கையால் ஒரு வாணலியைப் பிடிப்பது போல் பிடித்து, இல்லாத கரண்டியால் கிண்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இப்படியா கிண்டுவது என்று பசிட்டா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

பஸ் புறப்பட்டதும் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா, பகோங்கா?"

ஆர்லீன் ஒரு மாங்காயை எடுத்து அவரிடம் நீட்டினாள்.