ஆவாரம்பட்டையில் ஊறிய வலை

ஜெய்தூன் பீவிக்கு மீன் என்றால் சந்தையில் கூறு போட்டு வைத்திருப்பதுதான். அவள் வீச்சு வலை கேட்டு வந்து நின்றது கடைக்காரர் பொம்மையனுக்கு வேடிக்கையாக இருந்தது. வீட்டுக் கிணற்றில் கெண்டை விட்டிருக்கிறீர்களோ என்று கேட்டார்.

வலை மருமகன் நூர் அகமதுக்கு. தொண்டிக் கடலில் தூண்டில் போட்டுப் பிழைப்பவன். கரையோரம் வலை வீசி, இரைக்குப் பொடிமீன் பிடித்த பிறகுதான் அவன் வள்ளம் ஏற முடியும். இருந்த வலையைப் போன மாதப் புயல் கொண்டுபோய்விட்டது.

நிக்காஹ் அன்று, "கடல்ல கிடக்கிறவனுக்கா எம் மகளக் குடுக்கிறது" என்று அவள் யாரிடமோ சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது. இரண்டு வருஷமாக வாசலோடு திரும்புகிறான். இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. மன்னிப்புக் கேட்க அவள் அடுப்படியில் தனியாகப் பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. எதுவும் தன் குரலாக இல்லை. வலையையாவது வாங்கிக்கொள்வானா?

கடையில் இருந்தவை பெரும்பாலும் கண்மாய் மீனுக்கானவை, இரண்டு விரல் நுழையும் கண். பொடிமீன் தப்பிவிடும். தாய் வீட்டுக்கு வந்திருந்த மகள் கமர்ஜஹான் சொல்லியனுப்பியபடி, சுண்டுவிரல் நுழையாத கண்ணாகத் தேடினாள். உப்பில் துருப்பிடிக்கும் இரும்புக் குண்டு வேண்டாமென்று ஈயக் குண்டு கோத்ததை எடுத்தாள். புது நூல், மல்லிகை வெள்ளை.

வீட்டில் கமர் அதை விரித்துப் பார்த்தாள். "அவுக வலை செவப்பா இருக்கும்மா. ஒரு வாடை வரும், அத்தா சட்டை மாதிரி."

ஜெய்தூன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணவர் அப்துல் ஜப்பாருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் தொட்டி வேலை. அவர் சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாத ஆவாரம்பட்டை வாடை. தோலை அழுகவிடாத பட்டைத் தண்ணீர்தான் நூலையும் உப்பிலிருந்து காக்கிறது! இது தெரியாமல் வெள்ளை வலையை அவன் கையில் கொடுத்திருப்பாளே.

மறுநாள் வலை ஷாப்புக்குப் போனது. மூன்று நாள் தொட்டியில் ஊறி, நிழலில் உலர்ந்து, செம்மண் நிறத்தில் திரும்பி வந்தது. அதிகம் ஊறி நூல் நைந்திருக்குமோ என்று போகும்போதும் வரும்போதும் அவள் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நூர் அகமது மனைவியை அழைத்துப்போக வந்தான். வழக்கம்போல வாசலிலேயே நின்றான். கமர் வலையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜெய்தூன் கதவுக்குப் பின்னால் நின்றாள். இடுக்கு வழியே பார்த்தாள். அவன் நூலை முகர்ந்து, பல்லில் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பட்டையில ஊறப் போட்டது யாரு?"

"அம்மாதான்."

அவன் செருப்பைக் கழற்றினான். முற்றத்துக்கு வந்து, வலையை மடித்துத் தோளில் போட்டு, இடுப்பை ஒரு சுழற்றுச் சுழற்றி வீசினான். வட்டமாக விரிந்து இறங்கிய வலைக்குள் செவலைக் கோழி சிக்கிக்கொண்டு கத்தியது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் இதற்கு முன் கேட்டதே இல்லை.

"மாமி, இரை மாட்டிருச்சு."

"அது முட்டையிடுற கோழி மாப்புள. தூண்டில்ல கோத்துறாதீக."

அவள் குரல்தான், தயங்காமல் வந்தது.

கோழியை விடுவித்துக்கொண்டே அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். சொம்பை நிரப்பும்போதுதான், இத்தனை நாளும் தோள்களை இறுக்கித் தூக்கியே வைத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது.