ஐந்து ஜாக்கெட்டுக்கு ஒரு பூட்ஸ்

வாசல் பக்கம் கொண்டுவந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருக்கிறாள் சுகிர்தா, கனமான தோல் பூட்ஸ், கணுக்காலில் ஒரு வார், மேல் விளிம்பில் இன்னொன்று, இரண்டுக்கும் பக்கிள், கயிறு கிடையாது, அந்தக் காலத்துல ரயில் எஞ்சின்ல வேலை பாத்தவங்க போட்டது மேடம், அதான் எஞ்சினியர் பூட்ஸுன்னு பேரு என்கிறார் பெரியமேட்டுக் கடைக்காரர் இர்ஃபான், அவள் காதில் விழவில்லை, கறுப்பா, வறுத்த காப்பிக்கொட்டை நிறமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் கைகட்டி நிற்கிறான் தயாளன், இரண்டு வருடம் முன்பு வரை அவள் கணவன், அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலத்தான், பிறந்ததிலிருந்தே அப்படி, அவன் அம்மாவும் போய்ச் சேர்ந்தபிறகு அது தெரிந்த ஒரே ஆள் சுகிர்தா.

நேற்று போனில் அவன் குரல் கேட்டபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, சுகி, பூட்ஸ் ஒண்ணு வாங்கணும், பைக்ல போறப்ப போடற என் அஞ்சு ஜாக்கெட்டுக்கும் பொருந்தணும், உன்னை விட்டா யாரு எனக்குப் பாத்துச் சொல்லுவா, உன்னை விட்டா என்ற அந்தச் சொல்லை அவள் நாள் முழுக்க வாய்க்குள் வைத்திருந்தாள், கரைந்துவிடாமல். ஐந்தும் அவள் எடுத்துக் கொடுத்தவை, கல்யாணமான புதிதில் ஊட்டிக் குளிரில் முதலாவது, இந்த பிரவுன் நல்லாருக்குல்ல என்று அவன் தூக்கிக் காட்டியது பாசிப் பச்சை, அவள் சிரித்தாள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள், ஏன் எங்கிட்ட சொல்லலை, சொன்னா சிரிப்பாங்க சுகி, அந்தப் பச்சையையே வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒரு மே மாதம், மயிற்கொன்றை தெருவெல்லாம் சிவப்பாய்ப் பற்றி எரிகிறது, பூத்திருக்கு பாரேன் என்கிறாள், எங்க என்கிறான், இலைக்குள் பூ அவனுக்குத் தெரிவதில்லை, எட்டி ஒரு கொத்தை வளைத்து உள்ளங்கையில் வைக்கிறாள், இதழ் இதழாகத் தடவிப் பார்க்கிறான், தினமும் காலையில் ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, இது, என்பான், அரக்கு, என்பாள், இது, தேன் கலர், அந்த இரண்டு வார்த்தைப் பேச்சுதான் குடித்தனம் என்று அவள் நினைத்திருக்க, ஒருநாள் சட்டையை விட்டெறிந்து, எதுக்கெடுத்தாலும் உன்கிட்ட கேட்டுக்கிட்டே வாழ முடியாது, என்னமோ குருடனைக் கூட்டிட்டுப் போறவ மாதிரி பாக்குற என்றான், அவள் அப்படிப் பார்த்ததேயில்லை, அதைச் சொல்ல அவளுக்குத் தெரியவுமில்லை, கோர்ட்டிலும் சொல்லவில்லை.

இதையே எடுத்துக்கோ என்கிறாள், கண்ணை மூடி ஐந்தையும் மனசுக்குள் மாட்டிப் பார்த்துவிட்டு, மேல கறுப்பு, அடியில பழுப்பு, இர்ஃபான் தலையாட்டுகிறார், ஆமா மேடம், தேயத் தேய உள் நிறம் வெளிய வரும், எதுக்கும் ஒத்துப்போகும். தயாளன் மாட்டிக்கொண்டு நடக்கிறான், பலகைத் தரை அதிர்கிறது, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், அவள் சிரித்தேவிடுகிறாள், எங்க ரைடு, கூர்க், தனியாவா, அவன் குனிந்து பக்கிளை இறுக்குகிறான், ஹேமாவும் வரா, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறா, ஆவணியில கல்யாணம் வச்சிருக்கோம்.

கடைக்காரர் பெட்டி எடுக்க உள்ளே போயிருந்தார். அவகிட்ட என் கண்ணு விஷயம் சொல்லலை, நீயும் யார்கிட்டயும் சொல்லிடாத சுகி என்றான் தணிந்த குரலில். வெளியே பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, அவள் அவன் பக்கம் திரும்பினாள். சொல்லிடு, தாலி கட்டறதுக்கு முன்னாடி சொல்லிடு. சிரிச்சா, சிரிக்கட்டும், உன்கூட இருக்கப்போறவளுக்குத் தெரியாம இருந்தா நீ தினமும் தனியா இருப்ப. அவன் இர்ஃபானிடம் பெட்டியை வாங்கிக்கொண்டான், படியிறங்கும்போது, பழைய பழக்கம்தான் போலிருக்கிறது, இன்னைக்கு என்ன கலர் கட்டியிருக்க என்று கேட்டான்.

அவள் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். காலையில் பீரோவைக் கலைத்துத் தேடி எடுத்த குங்குமச் சிவப்பு.

உனக்கு என்னவாத் தெரியுதோ அதுதான் என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு அவன் வண்டியை எடுத்தான், அவள் அந்த வாசல் வெளிச்சத்திலேயே நின்றாள், கையில் ஒன்றுமில்லை, மேலெல்லாம் சிவப்பு.