இடம் மாறிக்கொண்டே இருந்த கடைத்தெரு

ஓகே பொத்தானை அழுத்தியதும் கடைத்தெரு மொத்தமும் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது, லாரியைக் கண்ட ஆட்டுமந்தை மாதிரி. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். சற்று முன்புவரை அது வலப்பக்கம் இருந்தது.

ரோடு அகலப்படுத்தும் வேலையில் அவன் டிராஃப்ட்ஸ்மேன். புது ரோட்டின் கோடுகள் ஏற்கெனவே கணினிப் படத்தில் சிவப்பாகக் கிடந்தன. சர்வே ஆட்கள் தெருவில் நின்று அளந்தவை, அசையாதவை. கடை கடையாகக் கட்டம் போட்ட நகராட்சி வரைபடத்தைக் கொண்டுவந்து அதற்கு அடியில் விரிக்க வேண்டும். சிவப்புக்குள் விழுகிற கடைக்கு நோட்டீஸ். சாயங்காலத்துக்குள் படம் பொறியாளரம்மா கைக்குப் போயாக வேண்டும்.

நகராட்சி அனுப்பியதில் ஒரு சின்ன ஃபைல் விட்டுப்போயிருந்தது. எங்கிருந்து, எந்தக் கணக்கில் அளந்தார்கள் என்று சொல்கிற ஃபைல். அது இல்லாததால் மென்பொருள் ஏகப்பட்ட கணக்குகளின் பெயர்களை நீட்டி, நீயே சொல் என்றது. ஒரு கணக்கைக் கொடுத்தால் ரோடு கிழக்கு வரிசைக் கடைகளைத் தின்றது. இன்னொன்றைக் கொடுத்தால் மேற்கு வரிசையை.

கிழக்கு வரிசையில் மாமனாரின் பாத்திரக்கடை. நேர் எதிரே, மேற்கில், அக்கா புருஷனின் பெயிண்ட் கடை. எதைத் தொட்டாலும் ஒரு வீட்டில் அவனுக்குச் சோறு கிடையாது.

நகராட்சிக்குப் போன் போட்டான். "சார், எந்தக் கணக்குல போட்டிருக்கீங்க?"

"உங்களுக்கு எது பொருந்துது?"

"ரெண்டும் பொருந்துற மாதிரிதான் இருக்கு."

"அப்ப நல்லதாப் போச்சு. பிடிச்சதை எடுத்துக்குங்க."

புடவைக் கடைக்காரர் சொல்கிற பதில். போனை வைத்தபோது மாமனார் கதவருகே நின்றார். அந்தத் தெருக்கோடி மாடியில்தான் ஆபீஸ். சேதி இறங்கிப் போகவும் ஆள் ஏறி வரவும் வசதி.

"என்ன மாப்பிள்ளை, ரோடு உங்க மேசைக்கு வந்திருக்காமே?"

குழம்பிக் கிடந்தவனுக்கு யாரிடமாவது கொட்ட வேண்டும்போல இருந்தது. அங்கேதான் தப்புப் பண்ணினான். "பாருங்க மாமா. இப்படி வெச்சா கிழக்கு. இப்படி வெச்சா மேற்கு. எனக்குத் தலையே சுத்துது."

மாமனாருக்குச் சுற்றவில்லை. ஆயுசு முழுக்கத் தராசு பிடித்தவர்; முள் ஆடுகிறது என்றால் விரல் வைக்க இடமிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "இதுல சுத்த என்ன இருக்கு? மேற்கையே வெச்சிருங்க. பார்க்க லட்சணமா இருக்கு."

"யாருக்கு லட்சணம்?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் அத்தான். மாமனார் படியேறுவதைக் கடையிலிருந்து பார்த்திருக்கிறார். "என்ன மச்சான், என்னை நடுரோட்டுல நிறுத்திட்டியா?"

"இன்னும் எதுவும் முடிவாகல, அத்தான்."

"முடிவாகலைன்னா பேசலாம்." அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அவர் வாசப்படி போகட்டும், என் வாசப்படியும் போகட்டும். நடுவுல வெச்சு முடி."

"என்னது கருங்கல் படி," என்றார் மாமனார். "உங்களது சிமெண்டு. கல்லும் சிமெண்டும் ஒரே விலையா?"

"உங்க கல்லு தேஞ்ச கல்லு."

திரையெங்கும் விரல் ரேகை. அவன் எந்தக் கணக்கில் இருக்கிறான் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

"என் வாசல் சாக்கடை மூடிக்கு இந்தப் பக்கம் இருக்கு," என்று மாமனார் திரையைத் தட்டினார். "மூடியைத் தாண்டி ரோடு எப்படி வரும்?"

அவன் நிமிர்ந்தான். சாக்கடை மூடிகளை சர்வே ஆட்களும் அளந்திருந்தார்கள். நகராட்சி வரைபடத்திலும் அவை இருந்தன. இரண்டு படத்திலும் மூடிகளைக் குறிக்கும் வட்டங்களை ஒளிரவிட்டுப் பார்த்தான். முதல் கணக்கில் ஒரு பக்கம் விலகின, இரண்டாவதில் மறுபக்கம். ஆக, இரண்டுமே தப்பு! பெயர் பெயராகக் கீழே இறங்கினான். பரீட்சைக்குப் படித்ததோடு மறந்துபோன ஒரு பழைய கணக்கில், தெரு நெடுக வட்டத்தின்மேல் வட்டம், பாத்திரத்தில் அதன் மூடி உட்காருவதுபோல உட்கார்ந்தது.

சிவப்புக் கோடு பாத்திரக்கடைக்குள் புகுந்து கல்லாப்பெட்டி வரை போனது. எதிர்க்கடையைத் தொடவே இல்லை.

அத்தான் நாற்காலியை எடுத்த இடத்தில் வைத்தார். "அப்ப நான் வர்றேன். கடையில ஆளில்லை."

அவர் காலடி ஓசை ஓயும்வரை மாமனார் காத்திருந்தார். "உங்க அத்தான் என்ன தர்றேன்னாரு?"

"மாமா! இதுதான் நிஜம்."

"என் கண்ணு முன்னாடி தெருவை அங்கயும் இங்கயும் தள்ளுனீங்க. இன்னொரு தள்ளு தள்ள கை நோகுதா?"

அவனுக்கே சந்தேகம் வந்தது. மறுபடி பார்த்தான். வட்டங்கள் அசையவில்லை. வேறு வழி தெரியாமல் மாமனாரைக் கீழே கூட்டிப்போய், பாத்திரக்கடை வாசலில் அந்த மூடியைக் காட்டினான். "வரைபடம் நகரும் மாமா. இது நகராது. இதை வெச்சுத்தான் முடிவு பண்ணேன்."

மாமனார் செருப்பு நுனியால் மூடியைத் தட்டினார். கனத்த இரும்புச் சத்தம்.

"ஆக, எல்லாம் இந்த மூடியாலதான்."

"ஆமா மாமா." அப்பாடா, புரிந்துவிட்டது.

"இதை மாத்தி வைக்கிற ஆளு யாரு? நம்பர் இருக்கா?"

அவன் மாடியேறிப் போய்ப் படத்தை அனுப்பினான். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூடியின் விளிம்பில் விரல் கொடுத்து, எடை எவ்வளவு தேறும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.