உரம் எட்டாத மூலை

அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரே வயல்தான். இந்தப் போகம் கொண்டைக்கடலை கைகொடுத்தால் வயல் தப்பிக்கும். இல்லையென்றால் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்துவிடுவது என்று தம்பி அடித்துச் சொல்லிவிட்டான். அக்காவும் ஒப்புக்கொண்டாள், ஒரே நிபந்தனையோடு: இந்தத் தடவை அவள் இஷ்டப்படி விதைக்க வேண்டும்.

வருஷா வருஷம் ஆழ உழுது, இருந்த ஈரத்தையும் காற்றில் விட்டது போதும் என்று, நெல் அறுத்த தாளுக்கு நடுவே உழாமலே கடலையை ஊன்றினாள். அதற்கு முன் விதையில் நுண்ணுயிர் உரத்தைப் பிசைந்து நிழலில் உலர்த்தினாள். தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, விதைக்குப் பவுடர் பூசறீங்க? பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

"போற இடத்துல ஒழுங்கா குடித்தனம் பண்ணணும்ல!"

செடிகள் வெளுத்து, நோஞ்சானாகத்தான் முளைத்தன. அந்த நுண்ணுயிர் பிடித்து வேரில் முடிச்சு விழுந்தால், காற்றிலிருந்தே சத்தை எடுத்துத் தானாகத் தேறிவிடும் என்று அக்காவுக்குத் தெரியும். தம்பியிடம் அதைச் சொல்லி வைக்கவில்லை. வயல் பக்கமே வராதவனிடம் என்ன சொல்வது?

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் இடுப்பெலும்பு முறிந்து படுத்தான். ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்துவிட்டுத் திரும்பியபோது, தம்பி பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தான். நேரே வயலுக்கு இழுத்துப் போனான். தொடை உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது கடலை.

"எப்படிக்கா? ஊரே உன்னைப் பார்த்துச் சிரிச்சுது. எனக்குப் பொறுக்கல. யூரியாவை என் கையாலயே வீசிட்டேன். அந்த மூலைக்கு மட்டும் எட்டல, தீர்ந்துபோச்சு. கோவிச்சுக்காதே."

அக்கா ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் ஒரு முடிச்சுகூட இல்லாமல், கழுவிப்போட்ட நூல் மாதிரி வெறுமையாக இருந்தது.

"காத்துல இருந்து தானே தேடிக்கிற சத்தை நீ ஊட்டி விட்டுட்டியேடா. இனி வேர் ஏன் உழைக்கும்? இலைதான் வரும், காய் வராது."

"சும்மா பயமுறுத்தாதேக்கா!"

ஒரு காற்றுக்கே தளதளத்த செடிகள் சாய்ந்தன. காய்த்தது கொஞ்சம், அதிலும் பாதி பொக்கு. "உழாம விட்டா வேறென்ன ஆகும்?" என்று தம்பி பெண்டாட்டி காதில் விழும்படியே சொன்னாள். தம்பி அக்கா முகத்தைப் பார்க்காமல் சூளைக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். பேசியது பேசியதுதான், அக்கா மறுக்கவில்லை.

மண் வெட்டும் இயந்திரம் இறங்கிய அன்று சாயங்காலம், யூரியா எட்டாத அந்த மூலையில் அவள் குனிந்து நின்றாள். கூப்பிட வந்த தம்பியின் கையில் ஒரு செடியை வேரோடு வைத்தாள். குட்டைச் செடி, கொத்துக் கொத்தாக, கனத்த காய்கள். வேரில் மணி கோத்தாற்போல் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினாள். உள்ளே இளஞ்சிவப்பு, உயிரோடு உழைக்கிற முடிச்சின் நிறம்.

தம்பி அதையே வெறித்துப் பார்த்தான்.

"இது... நான் வீசாத இடம்தானே?"

அவன் இயந்திரத்தை நோக்கி ஓடினான். "நிறுத்துப்பா! நிறுத்து!"

ஓட்டுநர் தலையை நீட்டினார். "முக்கால்வாசி வெட்டியாச்சுண்ணே. இனி நிறுத்தினா பள்ளத்துக்கு ஓரமா ஒரு திட்டுதான் மிஞ்சும். அதுல என்னத்த விதைப்பீங்க?"

தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் மிச்சச் செடிகளை வேர் அறாமல் பிடுங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு வரப்பேறினாள்.

"நகருடா தம்பி. வண்டி வருது."