சாலம்மாள் வீட்டுப் பின்கேட்

கைலாசத்துக்குத் தெரியாத தடம் கிடையாது என்று திருச்செங்கோட்டு ரிக் பட்டறைகளில் சொல்வார்கள். இருபத்தாறு வருஷமாகப் போர்வெல் வண்டியோடு வடக்கே போய் வருகிறவர். சத்தீஸ்கரில் மாட்டு வண்டியே யோசித்து நுழையும் ஊருக்குள் ரிக் லாரியையும் அதன் பின்னால் கம்ப்ரசர் லாரியையும் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். எந்த வேலியைப் பிரிப்பது, எந்தக் கிளையை வெட்டுவது, எந்த வீட்டுக்காரனிடம் சிரித்துப் பேசுவது, எவனிடம் குரலை உயர்த்துவது எல்லாம் அவருக்கு அத்துபடி. அப்பேர்ப்பட்டவர் தன் சொந்த வீட்டிலிருந்து ஒரு பீரோவை வெளியே எடுக்க வழி தெரியாமல், ஆடி மாசம் முழுக்க டேப்பும் கையுமாகச் சந்தில் நின்றார்.

வீடு மாறுவது என்று அவர் முடிவெடுத்தது ஆனிக் கடைசியில். வடக்கே மழை பிடித்து ரிக் ஓட்டம் நின்றதும் வழக்கம்போல ஊருக்கு வந்திருந்தார். மனைவி சித்ராவுக்கு மாசியிலிருந்து டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர் ஊரில் இல்லாத மாதங்களில், தன் சித்தப்பா மகள் சுகன்யா கூட வருகிறாள் என்று போனில் சொல்லியிருந்தாள். இப்போது தான் வந்துவிட்டபடியால் தானே கூட்டிப்போவதாகக் கைலாசம் கிளம்பினார்.

அன்றைக்குத்தான் அவள் அந்தச் சந்தில் நடப்பதைப் பார்த்தார். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு எண்பது தப்படி இருக்கும். அதற்குள் மூன்று இடத்தில் நின்றாள். மூன்றாவது இடத்தில் யாரோ வீட்டுச் சாக்கடை மூடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வீங்கிய கால் செருப்புக்குள் அடங்கவில்லை. திரும்பி வருகையில் அதைவிட மோசம். கைலாசத்துக்குப் பொறுக்கவில்லை. ஒரே வாரத்தில் நாமக்கல் ரோட்டுப் பக்கம் புது மனைப்பிரிவில் தரைத்தள வீடு ஒன்றைப் பிடித்துவிட்டார். வாசலிலேயே கார் நிற்கும். அதற்காகவே ஒரு பழைய காரும் வாங்கினார்.

"வேண்டாமுங்க மாமா. நாம இங்கயே இருந்துக்கலாம்" என்றாள் சித்ரா.

"இந்தத் தடத்துல நீ நடக்கறதப் பாக்க முடியலீடி."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். புது இடத்துக்குப் பயப்படுகிறாள், போனால் சரியாகிவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி பிறந்த முதல் புதன்கிழமைக்கு நாள் குறித்துவிட்டு, சாமான் ஏற்றி இறக்கும் மதனை வரச் சொன்னார். மதன் இரண்டு மினி லாரியும் ஆறு ஆளும் வைத்துத் தொழில் பண்ணுகிறவன். சந்தை ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு, கைலாசத்தின் வீட்டு முக்கில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

ஆறடிச் சந்து அந்த முக்கில் இரண்டரை அடியாகச் சுருங்கியிருந்தது. சுருக்கியது கைலாசம்தான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் மேலே ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டபோது, படிக்கட்டை உள்ளே வைத்தால் ஒரு அறை போய்விடும் என்று சந்தில் இறக்கிவிட்டார். எல்லாரும் திண்டு, தொட்டி, குளியலறை என்று ஆளுக்கொரு அடி இழுத்துக் கட்டியிருந்த சந்துதான். அவர் கொஞ்சம் கூடுதலாக இழுத்தார்.

"அண்ணா, கட்டிலக் கழட்டிக் கொண்டுபோயிரலாம். இந்த பீரோவும் சோபாவும் ஆகாதுங்கண்ணா. நிமுத்தித் தூக்குனா மேல படித் தளம் இடிக்குது. படுக்க வெச்சா முக்கு திரும்பாது. எப்பிடி உள்ள வந்துச்சு?"

"படி கட்டறதுக்கு முன்னால வந்தது."

"அப்பப் படிய இடிக்கோணும்."

"மேல குடியிருக்கறவங்க எறக்கை கட்டிக்கிட்டா எறங்குவாங்க?"

மதன் எதிர்ச்சுவரை எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் அகலமான வாசல், ஒரு வேம்பு, அதற்குப் பின்னால் பஸ் போகும் ரோட்டைப் பார்த்து ஒரு இரும்புக் கேட். "இந்த ஊட்டுக்காரங்ககிட்ட ஒருக்காக் கேளுங்க. அவங்க வாசல் வழியாப் போனா பத்து நிமிசத்து வேலை. அக்காவும் அப்படியே நேரா வந்து கார்ல ஏறிக்கலாம்."

கைலாசம் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். அது சாலம்மாள் வீடு.

சாலம்மாளின் புருஷன் ராசு செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு நெஞ்சு வலிக்கிறது என்று விழுந்தார். ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிஷத்தில் வந்து சந்து முனையில் நின்றது. ஸ்ட்ரெச்சர் முக்கு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் ராசுவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். தலை நிற்காமல் பின்னால் தொங்கியது. சாலம்மாள் இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டே நடந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. படிக்கட்டுதான் காரணம் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, சாலம்மாளும் சொல்லவில்லை. கருமாதி முடிந்ததும் மகளிடமிருந்து பணம் வாங்கி, பின்னாலிருந்த சுவரை இடித்து ரோட்டுப் பக்கம் அந்தக் கேட்டைப் போட்டாள். கைலாசத்தோடு பேச்சை நிறுத்தினாள். அவ்வளவுதான்.

அந்த மாசமே சித்ரா சொன்னாள், "மாமா, படிய இடிச்சுப் போடலாமுங்க." அவர் அப்போது சொன்ன பதில் அவருக்கே இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இப்ப இடிச்சா, தப்பு நம்ம மேலதான்னு நாமளே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிரும். கொஞ்ச நாளு போகட்டும்." கொஞ்ச நாள் போயிற்று. படி நின்றது.

ஆனாலும் தடத்துக்காக யார் வாசலிலும் நிற்பதற்குக் கூச்சப்படுகிற ஆள் இல்லை கைலாசம். தொழில் அப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சித்ராவிடம் சொல்லாமல், ரோட்டைச் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றார். சாலம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இளம்பிள்ளைத் தறிக்காரர்களிடமிருந்து வந்த சேலைகளுக்கு முந்தானைக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். நாய் குரைத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

"அக்கா, ஒரு உதவி கேட்டு வந்தனுங்க" என்று தொடங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் கை நிற்காமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தது.

"ஊடு மாத்தறது சித்ராவுக்குச் சம்மதமுங்களா?"

ஒரு காலத்தில் அவரைத் தம்பி என்று கூப்பிட்டு, வா போ என்று பேசியவள். இந்த 'ங்க' அவருக்குச் சுருக்கென்றது.

"அவளுக்காகத்தானுங்கக்கா மாத்தறதே."

சாலம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "புதன்கெழமை காலையில ஆறு மணிக்குத் தொறந்து வெக்கறேன். சாமான் போகட்டும். சித்ரா போகட்டும். நீங்க மட்டும் என்ற வாசல்ல கால் வெக்க வேண்டாம். உங்க ஊட்டுப் படி இருக்குதல்ல, அதத் தாண்டியே போங்க."

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி நடக்கும்போதே அவர் மனசு கணக்குப் போட்டுவிட்டது. வழி கிடைத்தாயிற்று. ஒரு ஆள் சுற்றி வந்தால் என்ன குறைந்துவிடும்? வடக்கே இதைவிடக் கேவலமான நிபந்தனைக்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார்.

புதன்கிழமை காலை மதனின் ஆட்கள் முன்வாசல் வழியாகச் சாமானை எடுத்து, சந்தைக் குறுக்கே கடந்து, சந்தைப் பார்த்திருந்த பழைய வாசல் வழியாகச் சாலம்மாள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். கைலாசம் பின்ரோட்டில், கேட்டுக்கு இருபதடி தள்ளி லாரியருகில் போனோடு நின்றார். அவள் வாசலுக்குள் என்ன நடக்கிறது என்று மதன் போனிலேயே சொல்லிக்கொண்டு வந்தான்.

"அண்ணா, பீரோ வந்தாச்சு. கேட்ல ஒரு பக்கந்தான் தொறந்திருக்குது. இன்னொரு பக்கம் கொண்டி எறங்கிக் கெடக்குது, அசையவே மாட்டேங்குது."

"சாலம்மாக்காகிட்டக் கேளு."

"அவங்க கதவச் சாத்திக்கிட்டு உள்ள போயிட்டாங்கண்ணா. கண்ணக் கசக்கிக்கிட்டே போனாங்க. இருங்க, நம்ம அக்கா வாராங்க."

போன் மதன் கையில் அப்படியே இருந்தது. சித்ராவின் குரல் தூரத்தில் கேட்டது.

"அத அப்பிடி இழுக்காத சாமி. மேல தூக்கிப் பிடிச்சு, காலால ஒரு தள்ளுத் தள்ளோணும். ஆங், அவ்வளவுதான்."

"தெனம் தொறக்கற மாதிரியே சொல்றீங்களேக்கா. எங்களையெல்லாம் கடிக்க வந்த நாயி உங்ககிட்ட மட்டும் வாலை ஆட்டுது?"

"தெனமெல்லாம் இல்ல. வாரத்துக்கு மூணு நாளு."

கைலாசம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கேட் இரண்டு பக்கமும் விரியத் திறந்தது. பீரோ வந்தது, சோபா வந்தது. கடைசியாகச் சித்ரா வந்தாள். வேப்பமரத்தடியிலிருந்து கேட் வரைக்கும் அவள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வழியில் சுவரோரம் ஒரு நாற்காலி கிடந்தது. அதன் மேல் அவர்கள் வீட்டுப் பழைய போர்வை நாலாக மடித்துப் போட்டிருந்தது. காணாமல் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த போர்வை.

புது வீட்டில் பால் காய்ச்சி, சாமானை இறக்கி, ஆட்களை அனுப்பும்போது மணி மூன்று. சித்ரா கூடத்தில் கட்டில் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கைலாசம் எதிரில் வந்து நின்றார்.

"எத்தன நாளா?"

அவள் எது என்று கேட்கவில்லை. "மாசியிலருந்து."

"சுகன்யா கூட வாரான்னு சொன்னே?"

"ரெண்டு தரம் வந்தா. அவளுக்கு வேலைல லீவு குடுக்க மாட்டேங்கறாங்க. ஒரு நாளு நான் தனியாச் சந்துல உக்காந்திருந்தத அக்கா பாத்தாங்க. கையப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க. அப்பறம் அவங்கதான் பஸ்ல ஏத்தி, ஈரோடு வந்து, நாலு மணி நேரமும் கூடவே இருந்து கூட்டியாந்தாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லக்கூடாதுன்னு அக்கா சொன்னாங்க. உனக்காகத்தான் தொறக்கறேன், அவருக்குத் தெரிஞ்சா உரிமைன்னு நெனச்சுக்குவாருன்னாங்க."

"அப்பறம் ஆனியில எதுக்கு அந்தச் சந்துல நடந்து செத்தே? நான் பாத்துப் பாத்து..."

"நீங்க கூட வந்தீங்களே மாமா" என்றாள் சித்ரா.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது முழுசாக விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கார் நின்றது. அதற்கப்பால் வேலி போட்ட வெறும் மனைகள். பக்கத்து வீடு என்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை.

"வேண்டாம்னு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னேன். படிய இடிக்கச் சொன்னப்பவும் சொன்னேன்." அவள் தலையணையைச் சரி செய்துகொண்டு படுத்தாள். "உங்க மேல எனக்கு வெசனம் ஒண்ணும் இல்லீங்க. கொஞ்சம் தூங்கறேன்."

மறுநாள் வியாழன். வாசலில் ஏறி ஈரோட்டு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்படி அரை மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டார். ஆஸ்பத்திரி முன்னால் சாலம்மாள் ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸுக்கே வந்திருக்க வேண்டும். காரிலிருந்து இறங்கும்போதே சித்ராவின் முகம் தெளிந்ததைக் கைலாசம் பார்த்தார்; இந்த இரண்டு மாசத்தில் அவரோடு வந்த எந்த நாளும் அப்படி இருந்ததில்லை. சாலம்மாள் வந்து சித்ராவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "ராத்திரி தூங்குனியா சாமி?" என்றாள்.

"அக்கா, போகும்போது கார்லயே எல்லாரும் போயிரலாமுங்க" என்றார் கைலாசம்.

"எனக்குப் பஸ் இருக்குதுங்க."

"நீங்க கெளம்புங்க மாமா. முடிய நாலு மணி நேரம் ஆகும்" என்றாள் சித்ரா. இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

அவர் கிளம்பவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கால் மணி கழித்து மாடிக்குப் போனார். டயாலிசிஸ் அறை வாசலில் ஒரு நர்ஸ் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்ரா பெயரைச் சொன்னார்.

"அவங்க கூட அக்கா உள்ள இருக்காங்களே. ஒருத்தரத்தான் விடுவோம்" என்றாள் நர்ஸ். சித்ராவைக் கொண்டுவந்து விட்டுப் போகிறவராக அவரைப் பல தடவை பார்த்திருக்கிறாள். ஆனாலும் முகம் ஞாபகம் வராதவளாக ஏறிட்டாள். "நீங்க யாருங்க? டிரைவரா?"

"அவளோட ஊட்டுக்காரன்."

"அப்ப வெளிய உக்காருங்க சார். அக்கா வந்தா மாத்தி விடறேன்."

வெளியே வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நாலு மணி நேரத்தில் சாலம்மாள் ஒரு தடவையும் வெளியே வரவில்லை.