ஸ்கெல்தோர்ப் ரயிலுக்கு மூடுவிழா

ஸ்கெல்தோர்ப் ரயிலை நிறுத்தப் போவதாக சர்ச் ஹால் கதவில் அறிவிப்பு ஒட்டியதும் முதலில் அழுதவர் கிளிஃபர்ட் சக்டன்தான். யார்க்ஷயர் ஆண்கள் அழுகிற முறைப்படி மூக்கைச் சிந்திவிட்டு, ஜலதோஷம் என்றார்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த ரயில் எப்போதோ நின்றுபோனது. எங்கள் மார்பெக் ஊரிலிருந்து மலைமேல் இருக்கும் ஸ்கெல்தோர்ப் கிராமத்துக்குப் போன தண்டவாளத்தைப் பெயர்த்து அறுபது வருஷம் ஆகிறது. அந்தப் பாதையில் இப்போது செம்மறி ஆடுகள் மேய்கின்றன. அறிவிப்பு வந்தது கம்ப்யூட்டருக்குள் ஓடும் ரயிலுக்கு.

அதைக் கட்டியது எங்கள் ரயில் பிரியர் சங்கம். கட்ட வைத்தவர் செயலாளர் லயனல் பிக்கர்ஸ். ரயில் சிமுலேட்டர் என்றால் பிள்ளைகள் ஏதோ எஞ்சினை ஏதோ ஊரில் கன்னாபின்னாவென்று ஓட்டுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். லயனலிடம் அது நடக்காது. ஒவ்வொரு சிக்னல் கைகாட்டி மரமும் இருந்த இடத்தில் இருந்தது. ஸ்டேஷன் கழிப்பறைக் கதவின் பச்சை சரியான பச்சைதானா என்று ஒரு குளிர்காலம் முழுக்க விவாதித்திருக்கிறோம். வியாழக்கிழமை மதியம் ஹாலில் பெரிய திரை ஏறும். அதன் முன்னால் பிரேக் பிடியும் நீராவிப் பிடியும் பொருத்திய மேஜை. அங்கே எஞ்சின் டிரைவர்கள் போடும் கரி படிந்த தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளிஃபர்ட் உட்காருவார். தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. நான் கைகாட்டியை இறக்கினால்தான் அவர் நகரலாம். ஒருமுறை நான் கழிப்பறையில் இருந்த நேரம் முழுவதும் ரயில் ஊருக்கு வெளியே நின்றது. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று நான் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது.

மூடுவிழாவுக்குக் காரணம் காலண்டர். சங்கம் தொடங்கியபோது ரயிலின் தேதியை 1954 என்று வைத்தோம். அது எங்கள் காலண்டரோடு நாளுக்கு நாள் நகர்ந்தது. அங்கேயும் பனிக்காலம் வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, எஞ்சினுக்கு ஒருமுறை புது வண்ணம் வந்தது. காலண்டர் இப்படியே நகர்ந்தால் எங்கே போய் முட்டும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. இப்போது அங்கே 1964. அசல் லைனை அரசாங்கம் மூடிய வருஷம்.

தேதியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிடலாமே என்று கிளிஃபர்ட் கேட்டுப் பார்த்தார். வரலாற்றைத் திருத்த நாம் யார் என்று லயனல் திருப்பிக் கேட்டார்.

கிளிஃபர்டுக்கு அந்த டிரைவர் நாற்காலி எவ்வளவு பெரியதென்று ஊருக்கே தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை மார்பெக்கில் அவர் பஸ் ஓட்டினார். சிறுவயதில் கேட்டது எஞ்சின், கிடைத்தது பஸ். சில்லறை இல்லாதவர்களும் சீட்டுக்கு அடியில் வாந்தி எடுத்தவர்களுமாக அவர் காலம் போயிற்று. எழுபது வயதில்தான் எஞ்சின் டிரைவர் ஆனார். லைன் மூடினால் அதுவும் போய்விடும்.

அந்தக் காலத்தில் ஒரு லைனை மூடுவதற்கு முன் பொது விசாரணை நடத்துவார்கள். லயனல் அதையும் விடவில்லை. நடுநிலையான தலைவர் வேண்டுமே என்று தேடினோம். ரயிலைப் பற்றி எந்த அக்கறையும் இல்லாத ஒரே ஆள் லயனலின் மனைவி ஐவிதான். பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரோடு வந்து நடுவில் உட்கார்ந்தார். லைனை மூடாதே என்று வாசலில் பதாகை பிடித்து நின்ற எங்களுக்கு முதலில் பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் வந்தது, பிறகு விசாரணை தொடங்கியது.

சட்டம் விசித்திரமானது. லைன் அழகானது என்று வாதாடக் கூடாது, மூடுவது முட்டாள்தனம் என்றும் சொல்லக் கூடாது. ரயில் நின்றால் எந்தப் பயணிக்கு என்ன கஷ்டம் என்பது மட்டும்தான் செல்லும். இது தெரியாமல் கிளிஃபர்ட் எழுந்து தன் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். வாரம் முழுக்க வியாழனுக்காகக் காத்திருப்பதைச் சொன்னார். மலை ஏறும்போது எஞ்சின் விடும் மூச்சு தூக்கத்திலும் கேட்பதைச் சொன்னார். ஐவி ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"கிளிஃபர்ட், நீங்க பயணியா?"

"நான் டிரைவருங்க."

"அப்ப உங்க கஷ்டத்தை நாங்க கணக்குல எடுக்க முடியாது. உக்காருங்க."

கிளிஃபர்ட் உட்கார்ந்தார். எனக்கு ஐவியின் ஊசியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

திரையில் இருக்கும் பயணிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்லா ஸ்டேஷனிலும் ஒரே தொப்பிக்காரர்தான் நின்றார், அவருக்கு ஏறத் தெரியாது. ஆகவே பாதிக்கப்படும் பயணி எவருமில்லை என்று லயனல் முடிக்கப் பார்த்தார். அப்போது பின் வரிசையில் ஹெஸ்டர் மெட்காஃப் கை தூக்கினார்.

ஹெஸ்டர் ஸ்கெல்தோர்ப்பில் பிறந்தவர். எண்பதைத் தாண்டியவர். ஒவ்வொரு வியாழனும் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு ஹாலுக்கு வருவார். கிளிஃபர்டின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்கெல்தோர்ப் வரை போவார். ரயில் நின்றதும் எழுந்து, டிரைவருக்கு நன்றி சொல்லி இறங்குவார். இறங்க அங்கே படி எதுவும் கிடையாது. ஆனாலும் காலைப் பார்த்துத்தான் வைப்பார்.

"இந்த ரயில நிறுத்திட்டா நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?" என்று கேட்டார் ஹெஸ்டர்.

லயனல் பொறுமையாகச் சொன்னார். "ஹெஸ்டரம்மா, வாசல்ல உங்க தங்கச்சி மக கார் நிக்குதே."

"அது இப்ப இருக்கற வீட்டுக்குப் போற காரு. நான் சொல்றது ஸ்கெல்தோர்ப் வீடு."

ஐவியின் ஊசி முதல்முறையாக நின்றது. பயணிக்குக் கஷ்டம் உண்டு என்பது நிரூபணமாகிவிட்டது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். ஆனால் லைன் தப்பிவிட்டது என்று நாங்கள் கை தட்டுவதற்குள் லயனல் சட்டத்தின் மறுபாதியை வாசித்தார். பயணிக்கு மாற்று பஸ் ஏற்பாடு செய்தால் லைனை மூடலாம். ஐவி அதையும் ஏற்றுக்கொண்டு, பஸ் ஸ்கெல்தோர்ப் ஸ்டேஷன் வாசல்வரை போக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

எல்லாத் தலைகளும் கிளிஃபர்ட் பக்கம் திரும்பின. சங்கத்தில் பஸ் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"மறுபடியும் பஸ்ஸா?" என்றார் அவர்.

சங்கத்து ரயில்காரர்கள் பஸ் கட்ட உதவ மாட்டார்கள். லயனல் தனியாகவே கட்டினார். அந்தக் காலத்தில் ஸ்கெல்தோர்ப் சாலையில் ஓடிய சிவப்பு மாடி பஸ்ஸை, சீட்டுத் துணியின் கோடு உட்பட, கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார். வாரக்கணக்கில் அவர் சாப்பாட்டு மேஜைக்கே வரவில்லை என்று ஐவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

சோதனை ஓட்ட நாளில் பிடிகள் இருந்த மேஜையை ஓரமாகத் தள்ளி, பொம்மைக் கடையில் வாங்கிய ஸ்டீயரிங்கை வைத்தார்கள். கிளிஃபர்ட் தொப்பியைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பின்னால் கூடையோடு ஹெஸ்டர். லயனல் கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு நின்றார்.

பஸ்ஸை கிளிஃபர்ட் அருமையாக ஓட்டினார் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வளைவுகளில் ஹெஸ்டரின் கூடை ஆடவில்லை. கிளிஃபர்டின் முகத்தில் மட்டும் உயிர் இல்லை. கிராமத்துக்குச் சற்று முன்னால் ஒரு கல் பாலம் வந்தது. மேலே எங்கள் ரயில் பாதை, கீழே சாலை. கிளிஃபர்ட் எதையும் பார்க்காமல் நேராகப் போய்க்கொண்டிருந்தார்.

"நிறுத்து!" என்று லயனல் கத்தினார்.

பஸ் நின்றது. பாலத்தின் வளைவு பஸ் மாடியின் ஜன்னல் உயரத்துக்குத்தான் இருந்தது.

போனால் என்ன, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது, பஸ் ஆவிபோலக் கல்லுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். லயனல் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். பாலத்தைக் கொஞ்சம் உயர்த்தலாமே என்றார் இன்னொருவர். உயர்த்தினால் மேலே ரயில் பாதையின் ஏற்றம் பொய்யாகிவிடும் என்றார் லயனல். மாடி இல்லாத பஸ்? அப்போது அந்தக் கம்பெனியிடம் அது கிடையாது. சாலையைத் தோண்டலாமா என்று நானே கேட்டேன். மழையில் ஏணி வைத்து அந்தப் பாலத்தை அளந்தவர் லயனல். ஓர் அங்குலமும் விட மாட்டார்.

"அசல்ல இது எப்படித்தான் போச்சு?" என்று கடைசியில் அவரே கேட்டார்.

"போகலையே," என்றார் ஹெஸ்டர். "பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னுடும். நாங்க இறங்கி, மழையோ பனியோ, நடந்தே போனோம். எங்கம்மா கடைசி வரைக்கும் அந்த பஸ்காரங்கள திட்டிக்கிட்டே இருந்தாங்க."

லயனல் கண்டக்டர் பையைக் கழற்றினார். தன் மனைவியைப் பார்த்தார்.

"ஸ்டேஷன் வாசல் வரைக்கும்னு நிபந்தனை," என்றார் ஐவி. "நீதானே சட்டம் வாசிச்ச."

"அப்ப லைன் ஓடித்தான் ஆகணும்," என்றார் லயனல். பல் பிடுங்கிக்கொண்டவர் பேசுவதுபோல் இருந்தது. "ஆனா இன்னிக்கு முடியாது. பாய்லர் சில்லுனு கிடக்கும்."

அது உண்மைதான். நீராவி எஞ்சின் நினைத்தவுடன் கிளம்பாது. எங்கள் கம்ப்யூட்டரிலும் காலையில் நெருப்பு மூட்டினால்தான் மதியம் ஓடும். மூடப்போகும் லைன் என்று லயனல் அன்று யாரையும் அதற்கு நியமிக்கவில்லை. ஹெஸ்டர் கூடையைப் பிடித்தபடி நடுச்சாலையில், அதாவது நாற்காலியில், உட்கார்ந்திருந்தார்.

நான் திரையை எஞ்சின் ஷெட்டுக்கு மாற்றினேன். கூரைப் புகைபோக்கி வழியாக வெள்ளையாகப் புகை போய்க்கொண்டிருந்தது. பாய்லரின் முள் உச்சியில் நடுங்கியது.

"யார் மூட்டினது?" என்றார் லயனல்.

கிளிஃபர்ட் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலையில குளிரா இருந்துச்சு."

"உனக்கா, எஞ்சினுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

லயனல் பொம்மை ஸ்டீயரிங்கைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தார். நானும் இன்னொருவரும் பிடிகள் இருந்த மேஜையை மறுபடி நடுவே இழுத்துவந்தோம். கிளிஃபர்ட் தொப்பியை எடுக்க என் மேஜைக்கு வந்தபோது, அவருடைய ஜலதோஷம் இன்னும் சரியாகவில்லை என்று தெரிந்தது.

"அய்யா, கைகாட்டிய இறக்குங்க," என்றார். "அந்தம்மா ரொம்ப நேரமா ரோட்டுல நிக்கறாங்க."

நான் இறக்கினேன்.