ஏழாவது பாத்திக் கத்திரிக்காய்

செயின் கழன்ற சைக்கிளை மணிக்கூண்டுக்குக் கீழே அப்படியே போட்டுவிட்டு ஓடினான் அரிகிருஷ்ணன். கருவடிக்குப்பத்திலிருந்து ஒரே மிதியாக மிதித்து வந்தவனுக்குத் தொண்டை வறண்டிருந்தது. மணி பன்னிரண்டே முக்கால். முத்தியால்பேட்டை கன்னியம்மாள் மெஸ்ஸில் முதல் பந்தி உட்கார்ந்திருக்கும். இலையில் அவன் தோட்டத்துக் கத்திரிக்காய் விழுந்திருக்கும்.

நேற்றுச் சாயங்காலம்தான் ஏழாவது பாத்திக்குப் பூச்சி மருந்து அடித்தான். மருந்து அடித்த பாத்தியில் பத்து நாளைக்குக் கை வைக்கக் கூடாது. அடையாளத்துக்கு ஒரு வேப்பங்கொத்தைச் செருகி வைப்பான். இன்று வெளியே போய்விட்டு வந்து பார்த்தால் பதினாலு பாத்தியிலும் வேப்பங்கொத்து! ஆடிக் கூழுக்கு வந்திருந்த தங்கை ஆதிலட்சுமி பெருமையாகச் சிரித்தாள்.

"ஒரு பாத்திக்கு மட்டும் செருகினா ஆத்தா கோச்சுக்காதாண்ணே? எல்லாத்துக்கும் செருகிட்டேன். காய்கூட நானே பறிச்சு, பால்காரர்கிட்ட மெஸ்ஸுக்குக் குடுத்துவுட்டேன்."

"எந்தப் பாத்தியில?"

"ஏழாவதுல. அதுலதான் காய் பளபளன்னு இருந்துச்சு."

அதற்கு மேல் அவன் நிற்கவில்லை.

மெஸ் வாசலில் கரும்பலகை. 'கருவடிக்குப்பம் தோட்டத்துக் காய். அன்றன்று பறித்தது.' கன்னியம்மாளே சாக்பீஸால் எழுதியது. உள்ளே பதினோரு பேர். லாஸ்பேட்டை கிளார்க்குகள், மில் ஷிப்டு முடிந்து வந்தவர்கள். மூலையில் பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர் கோவிந்தராசு. காரக்குழம்பின் எண்ணெய் முழங்கை வரை வழிந்தது அவருக்கு.

"வாடா அரி! இன்னா காய்டா இது, வெண்ணெயாட்டம் கரையுது. மூணாவது தபா வாங்கிட்டேன்."

அரிகிருஷ்ணன் பதினோரு இலைகளையும் பார்த்தான். கத்தலாம். கத்தினால் நாளைக்கு அவன் தோட்டத்துக் காயை மாடுகூடத் தொடாது. கத்தாவிட்டால்?

வாளியோடு வந்த கன்னியம்மாளின் கையைப் பிடித்தான்.

"யக்கா, குழம்பை நிறுத்து."

"ஏன்டா? உனக்கு எடுத்து வெக்கலன்னு கோவமா? உக்காரு, போடறேன்."

"நிறுத்துன்னா நிறுத்து!"

வாளியைப் பிடுங்கினான். அது கவிழ்ந்து குழம்பு தரையெல்லாம் ஓடியது.

"டேய், பைத்தியம் புடிச்சிடுச்சா உனக்கு?" கோவிந்தராசு பாதி எழுந்தார். "சோத்துல வந்து விளையாடற!"

"மருந்துங்க! நேத்து மருந்து அடிச்ச காய். தப்பா பறிச்சிட்டாங்க. யாரும் சாப்டாதீங்க!"

பதினோரு கைகளும் அந்தரத்தில் நின்றன. ஒரு கிளார்க் தொண்டைக்குள் விரலை விட்டபடி கொல்லைப்புறம் ஓடினான். யாரோ "ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வண்டி புடிங்கப்பா!" என்று அலறினார்கள். கோவிந்தராசு தன் வயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க!" கன்னியம்மாள் இரண்டு கையையும் தூக்கினாள். "யாரும் பயப்படாதீங்க. உங்க இலையில இருக்கறது அவன் காய் இல்ல."

"பின்ன?"

"பெரிய மார்க்கெட்டுக் காய். இன்னிக்கு இவன் தோட்டத்துலேர்ந்து வந்ததே அரை முறம்தான். பந்திக்கு எப்படிப் பத்தும்? ஆளு வுட்டு வாங்கியாந்தேன். பலகையை அழிக்க மறந்துட்டேன், சாமி சத்தியமா!"

கோவிந்தராசு இலை அதிரச் சிரித்தார்.

"அடிப்பாவி! மார்க்கெட்டுக் காய்க்கா நான் வெண்ணெய்னு சர்ட்டிபிகேட் குடுத்தேன்? உன் பொய்யி பதினோரு உசுரைக் காப்பாத்திச்சு, போ!"

எல்லோரும் சிரித்தார்கள். வாந்தி எடுக்கப் போனவன்கூட வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். அரிகிருஷ்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"யக்கா, அந்த அரை முறம் காய் எங்க? அடுப்படியிலயா? எடுத்துட்டு வா, குழி தோண்டிப் பொதைச்சுடறேன்."

கன்னியம்மாள் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா?"

"அவ்ளோ பிஞ்சா இருந்துச்சுடா... பந்திக்குத்தான் பத்தாதேன்னு எண்ணெய்ல வதக்கி, பத்து மணிக்கே நான் சாப்ட்டுட்டேன்."